பாவாடை கட்டிய ரயில்

அத்தான் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் முகத்தைத்தான் பார்ப்பார். காரோ கட்டடமோ மனுஷனோ, முன்பக்கம் பளிச்சென்று இருந்தால் போதும். பின்னால் என்ன இருக்கிறது, உள்ளே என்ன ஓடுகிறது என்பதெல்லாம் வேறு யாரோ கவனித்துக்கொள்ள வேண்டிய சமாசாரம். அந்த வேறு யாரோ பெரும்பாலும் மூச்சம்மாதான்.

மூச்சம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ரயில் வடிவமைப்பு அலுவலகத்தில் எஞ்சின்களைக் குளிரவைக்கும் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. யார் எந்த வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தாலும், "இது எங்க மூச்சு விடும்?" என்றுதான் முதலில் கேட்பாள். கேட்டுக் கேட்டு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் மூச்சம்மா. அது அவளுக்கும் தெரியும். கண்டுகொள்ளமாட்டாள்.

அத்தான் அவளுடைய அக்காவின் கணவர். அவள் அந்த அலுவலகத்தில் வேரூன்றி உட்கார்ந்துவிட்ட பிறகு, எங்கிருந்தோ மாற்றலாகி அவள் தலைக்கு மேலேயே வந்து இறங்கினார். அலுவலகத்தில் 'சார்', வீட்டில் 'அத்தான்'. இரண்டையும் அவள் ஒரே தொனியில் சொல்வாள். இரண்டிலும் மரியாதை இருக்காது. அத்தானுக்கு அது உறைத்ததே இல்லை. தன்னை ஒருத்தி மதிக்காமல் இருக்க முடியும் என்ற எண்ணம் நுழைய அவர் தலையில் சந்து இல்லை.

புதிய ரயிலின் மாதிரியை அவர் காட்டிய அன்று கூட்ட அறையில் நாற்காலி போதவில்லை. மேஜை நடுவில் ஏதோ ஒன்று பட்டுத்துணி போர்த்திப் படுத்திருந்தது. அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். எதிர்காலம் என்றார், பாய்ச்சல் என்றார், தேசத்தின் கனவு என்றார். பிறகு துணியை இழுத்தார்.

நான்கு பெட்டிகள். இரண்டு முனையிலும் கூரான மூக்கு. உடம்பெல்லாம் வெள்ளை, இடுப்பில் ஒரு நீலக் கோடு. பெட்டிகளுக்கு அடியில் சக்கரம், குழாய், எஞ்சின் எதுவும் கண்ணில் படாதபடி, தண்டவாளத்தை உரசுகிற மாதிரி வழவழவென்று தகடு தொங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். மூச்சம்மா குனிந்து அந்தத் தகட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன சார், பாவாடையா?"

சிரிப்பு எழுந்தது. அத்தானும் பெருந்தன்மையாகச் சிரித்தார். "அப்படித்தான் வெச்சுக்கோங்களேன். ஒரு பொண்ணு உடுத்திக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கணும் இந்த வண்டி."

"பொண்ணு எங்க மூச்சு விடுவா?"

விஷயம் அத்தனை சிக்கலானதல்ல. இந்த வண்டியில் டீசல் எஞ்சின் நேரடியாகச் சக்கரத்தைச் சுற்றாது. அது ஜெனரேட்டரைச் சுற்றும். ஜெனரேட்டரின் மின்சாரம் மோட்டார்களுக்குப் போகும். மோட்டார்கள்தான் சக்கரத்தைச் சுற்றும். முனைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள். எஞ்சின் உழைத்தால் கொதிக்கும். கொதிக்கிற தண்ணீரை ரேடியேட்டரில் ஓடவிட்டு, விசிறி வைத்துக் காற்றை இழுத்து ஆற்ற வேண்டும். அத்தான் ரேடியேட்டரைப் பெட்டிக்கு அடியில் மாட்டச் சொல்லி, அதன் முன்னாலேயே பாவாடையையும் தொங்கவிட்டிருந்தார். காற்று வருவதற்கென்று தகட்டில் சீப்புப் பல் போலச் சில கீறல்கள். அவ்வளவுதான்.

"இந்தக் கீறல் போதாது சார். வெயில் காலத்துல தூசி, காஞ்ச புல்லு, காகிதம் எல்லாம் வந்து அடைச்சுக்கும். ஜன்னல் மாதிரி திறப்பு வேணும்."

"கோடு கெட்டுப்போயிடும் மேடம்."

"வண்டி கெட்டுப்போயிடும் சார்."

அத்தான் மற்றவர்களைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். இப்படிப்பட்ட ஆட்களை வைத்துக்கொண்டு நான் எப்படி எதிர்காலத்தைக் கட்டுவது என்று அந்தத் தோள் கேட்டது. அடுத்து ஜன்னல்களைப் பற்றிப் பேச்சு வந்தது. முழங்கால் உயரத்தில் தொடங்கிக் கூரை வரைக்கும் கண்ணாடி. அத்தனை கண்ணாடி வழியாக வெயில் உள்ளே இறங்கும், குளிர்சாதனம் கூடுதலாக உழைக்கும், அந்தச் சுமையும் எஞ்சின் தலையில்தான் விழும் என்று அவள் சொன்னாள். அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

சோதனை ஓட்டத்தை வெயில் காலத்தில் வைக்க வேண்டும் என்று அவள் கரடியாகக் கத்தினாள். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, மந்திரியின் வசதியைப் பார்க்க வேண்டும், வெயிலின் வசதியை எல்லாம் பார்க்க முடியாது என்று பதில் வந்தது. குளிர்காலத்தில் சோதித்தார்கள். வண்டி அழகாக ஓடியது. திறப்பு விழா அன்று மழை வேறு தூறியது. மேகமூட்டத்துக்குக் கீழே வெள்ளை ரயில் வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மூச்சம்மாவும் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

மறுநாள் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அத்தான் தட்டைப் பார்த்தபடியே, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்.

"சில பேருக்கு நல்லது நடந்தா ஜீரணமே ஆகாது."

"ஜீரணம் ஆகறதுக்கும் கொஞ்சம் காத்து வேணும் அத்தான்," என்றாள் அவள்.

அக்கா இருவருக்கும் நடுவில் தண்ணீர்க் குவளையை ணங்கென்று வைத்தாள். அந்த வீட்டில் போர் நிறுத்தத்துக்கு அதுதான் அறிவிப்பு.

கோடை வந்தது. வந்த முதல் வாரத்திலேயே டிப்போ மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். பருத்த மனிதர், எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"மேடம், உங்க மகாராணி நடுவழியில மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க."

"எந்த எஞ்சின்?"

"முதல்ல முன்னாடி இருக்கறது. அப்புறம் அதோட பாரத்தையும் சேத்து இழுக்கப் போயி பின்னாடி இருக்கறது. ரெண்டும் ஒத்துமையா படுத்துடுச்சு."

அந்த மாதம் முழுவதும் இதே கதைதான். சூடு எல்லை மீறினால் எஞ்சின் தானாக அணைந்துவிடும். அந்த ஏற்பாடாவது ஒழுங்காக வேலை செய்தது. வெள்ளை ரயில் பொட்டல் வெளிகளில் நின்றது. குளிர்சாதனமும் அணைந்துபோக, திறக்க முடியாத அந்தப் பெரிய கண்ணாடிகளுக்குப் பின்னால் ஜனங்கள் வெந்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கித் தண்டவாளத்தோரம் நடந்தவர்களும் உண்டு. அத்தானுக்கு ஒரு விளக்கம் தயாராக இருந்தது: ஓட்டுநர்களுக்கு இந்த வண்டியை ஓட்டத் தெரியவில்லை. பழைய வண்டியை ஓட்டிய முரட்டுக் கை. பயிற்சி தேவை. பயிற்சிக்காக ஒரு படம் எடுத்தார்கள். அதில் அத்தானே வந்து கைப்பிடியை எப்படி மென்மையாகத் தள்ளுவது என்று செய்துகாட்டினார். வெயில்தான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்த ஓட்டுநரின் விவகாரம் நடந்தது.

ஓட்டுநர் ஒரு வாயாடி. தன்னைவிட்டால் ரயில் ஓட்ட ஆளே இல்லை என்று நினைப்பவர். மூச்சம்மாவுக்கு அவரையும் பிடிக்காது. உச்சி வெயிலில், ஊரே இல்லாத இடத்தில், வண்டி நிறைய ஜனங்களோடு அவருடைய ரயில் நின்றுபோனது. கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். உதவி எஞ்சின் வரும், பொறுத்திரு என்றார்கள். ஒரு கர்ப்பிணி மயங்கிவிட்டாள் என்று உள்ளேயிருந்து ஆள் ஓடிவந்ததும் அவர் பொறுக்கவில்லை. கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த பாவாடைத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார். உள்ளே கம்பளி போல அப்பியிருந்த புல்லையும் குப்பையையும் கையாலேயே வழித்து எறிந்தார். எஞ்சின் ஆறியதும் கிளப்பினார். வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தது. கர்ப்பிணி பிழைத்துக்கொண்டாள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கிளம்பும் முன் கடைசித் தகட்டை ஓங்கி ஓர் உதை விட்டிருக்கிறார். அது சரிவில் உருண்டு வாய்க்காலில் விழுந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த ஜனங்கள் கைதட்டியிருக்கிறார்கள். ஒருவர் அதைப் படம் வேறு பிடித்துவிட்டார்.

ரயில்வே சொத்தைச் சேதப்படுத்தியதாக அத்தான் அவர் மீது குற்றம் சாட்டினார். வேலை நீக்கம்தான் அவருடைய கோரிக்கை. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். தொழில்நுட்ப சாட்சியாக மூச்சம்மாவை அழைத்தார்கள்.

அதற்கு முதல் நாள் சாயங்காலம் அக்கா வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டு கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கு என்ன சொல்லப்போறே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன்."

"அவரு வேலையில இருக்கப்போறது இன்னும் கொஞ்ச காலம்தான். பேரோட போகட்டுமேடி."

"அந்த ஓட்டுநருக்குப் பேரு வேணாமா?"

"உனக்கு அந்த ஆளைப் பிடிக்கவே பிடிக்காதுன்னு நீதானே சொன்னே?"

"பிடிக்காதுதான். எனக்குப் பிடிக்காதவங்களை எல்லாம் வேலையை விட்டுத் தூக்கணும்னா ஆபீஸ்ல நான் மட்டும்தான் இருப்பேன்."

அக்கா சிரிக்கவில்லை. "அவரு எனக்குப் புருஷன். நீ அவரைச் சொல்றப்போ என்னையும் சேத்துத்தான் சொல்றே. ஞாபகம் வெச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். மூச்சம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள். அத்தானை அலட்சியம் செய்வது அவளுக்கு மூச்சுவிடுவது போலச் சுலபம். அக்கா விஷயத்தில் அது முடியவில்லை.

விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள், மூன்று தண்ணீர் பாட்டில்கள், ஒரு மின்விசிறி. ஓட்டுநர் இஸ்திரி கலையாத சட்டையில் கல்யாண மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். "உதைச்சியாப்பா?" என்று கேட்டதற்கு, "உதைச்சேன் சார். நல்லாத்தான் உதைச்சேன். இன்னொண்ணு கெடச்சிருந்தா அதையும் உதைச்சிருப்பேன்," என்றார். முட்டாள், என்று மூச்சம்மா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. நடுவில் இருந்த அதிகாரி கேட்டார்.

"தகடுகளைக் கழட்டினதால வண்டிக்கு ஏதாவது சேதமா மேடம்?"

"இல்லை. அதனாலதான் ஓடிச்சு."

அத்தான் எழுந்தார். "பாவாடை இல்லாம ஒரு ரயிலை ஓட்டறது பாதுகாப்பா? அதைச் சொல்லச் சொல்லுங்க."

"பாவாடையோட நிக்கறதைவிடப் பாதுகாப்பு."

அதிகாரிகளில் ஒருவருக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. அத்தானின் காது சிவந்தது. அத்தனை நாளும் அலுவலகத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை அவர் அப்போது சொன்னார்.

"குடும்பத்துல இருக்கற கோபத்தையெல்லாம் இங்க கொண்டுவந்து கொட்டாதீங்க மேடம்."

  முந்தின நாள் சமையலறை வாசலில் நின்ற அக்காவின் முகம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாய் திறந்துகொண்டது.

"குடும்பத்துல எனக்கு உங்க மேல கோபமே கிடையாது சார். அங்கயும் இதே அபிப்பிராயம்தான்."

பிறகு அவள் மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னாள். திறப்பு போதாது என்று சொன்னதை, வெயிலில் சோதிக்கச் சொன்னதை, யார் மறுத்தார்கள் என்பதை. கேட்காத கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். 

ஓட்டுநரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். தகட்டை வாய்க்காலுக்குள் உதைத்துத் தள்ளியதற்கு மட்டும் ஒரு கண்டனம். அதை அவர் பதக்கம் மாதிரி டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எல்லா வண்டிகளிலும் பாவாடையை அவிழ்க்கும்படி உத்தரவு வந்தது. அத்தானுக்குத் தண்டனை? அவரை விளம்பரப் பிரிவின் தலைவராக்கினார்கள். பெரிய அறை, பெரிய மேஜை, ஜன்னலோரம் ஒரு செடி. ரயில்களின் முகங்களைப் படமெடுத்து நாட்காட்டி போடுவதுதான் வேலை. அந்த மனிதனுக்காகவே கடைந்தெடுத்த வேலை. இதை முதலிலேயே கொடுத்திருந்தால் ஒரு ரயில் பிழைத்திருக்கும் என்று மூச்சம்மா நினைத்தாள்.

அக்கா பேச்சை நிறுத்திக்கொண்டாள். விசேஷங்களில் எதிர்ப்பட்டால் மற்றவர்களிடம் பேசியபடியே தங்கையைக் கடந்து போவாள். அப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

ரேடியேட்டர்களைக் கீழேயிருந்து எடுத்துக் கூரைமேல் வைக்கும் வேலையை மூச்சம்மாவிடமே கொடுத்தார்கள். மேலே தூசி குறைவு, காற்று தாராளம். கூரான மூக்குக்குப் பின்னால் ஒரு பெரிய திமில் எழும்பியது. அழகு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. வண்டிக்கு ஜனங்கள் ஒட்டகம் என்று பெயர் வைத்தார்கள். மூச்சம்மாவுக்கு உள்ளூரப் பெருமைதான். எந்த வெயிலிலும் நிற்காது என்று டிப்போ மேலாளரிடம் அடித்துச் சொன்னாள்.

வெயிலில் நிற்கவில்லை. ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றது. அந்த நடைமேடைக் கூரையில் யாரோ பிற்பாடு மாட்டிய மழைநீர்க் குழாய் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பழைய வரைபடத்தில் அது இல்லை. வழியிலுள்ள ஸ்டேஷன்களை நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று உதவியாளர் சொன்னபோது, "வரைபடம் எதுக்கு இருக்கு?" என்று அவள்தான் வாயை அடைத்தாள். திருத்திய வண்டி முதன்முதலில் ஜம்மென்று உள்ளே நுழைந்தது. திமில் குழாயில் மாட்டியது. குழாய், அதைத் தாங்கிய சட்டம், கூரையின் ஒரு பக்கம் எல்லாவற்றையும் பிய்த்துக்கொண்டு வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றது. யாருக்கும் அடி படவில்லை. அன்றைக்கும் ஓட்டியவர் அதே வாயாடிதான். வண்டியிலேயே வந்திருந்த மூச்சம்மாவோடு இறங்கி மேலே பார்த்தார். "இதுக்குப் பாவாடையே தேவலை மேடம்," என்றார்.

பிறரை அலட்சியமாகப் பார்த்துப் பழகிய கண் ஒரு நாள் தன் பக்கம் திரும்பினால் ஈவிரக்கம் காட்டாது. அந்த வாரம் முழுக்க மூச்சம்மா கண்ணாடியைப் பார்த்துத் தலைவாரவில்லை. யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் எரிந்து விழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தது.

"கூரையைப் பிச்சிட்டியாமே?"

அக்காவின் குரல்.  "ஆமா," என்றாள் மூச்சம்மா.

மறுமுனையில் முதலில் ஒரு செருமல், பிறகு அடக்க முடியாத சிரிப்பு. அக்கா இப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"சிரிக்கத்தான் கூப்பிட்டியா?"

"இல்லடி. இவரு ஒரு வாரமா ஒரே சந்தோஷம். குளிக்கறப்போ பாட்டு. பாக்கறவங்ககிட்ட எல்லாம் அந்தக் கூரைக் கதையைச் சொல்றாரு. ஒவ்வொரு தடவையும் கூரை இன்னும் கொஞ்சம் பெருசாயிட்டே போகுது. சகிக்கலை. இதை யார்கிட்ட சொல்றது? உன்னைவிட்டா எனக்கு யாரு இருக்கா?"

மூச்சம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாறி மாறிச் சிரித்தார்கள். மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே எடுக்கவில்லை. "அன்னிக்கு நீ பேசினது எனக்கு வலிச்சுது," என்று மட்டும் அக்கா சொன்னாள். "தெரியும்," என்றாள் தங்கை.

திமிலைக் கொஞ்சம் தட்டையாக்கி, ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தானே போய் அளந்து, ஒட்டகங்களை மறுபடி ஓடவிட்டாள். அவை ஓடின. முக்கியப் பாதைக்கு மின்கம்பி வந்த பிறகு கிளைப் பாதைகளுக்குத் துரத்தப்பட்டு அங்கேயும் ஓடின. வெள்ளை பழுப்பானது, நீலக் கோடு உரிந்தது. மூக்கை மட்டும் மாற்றவே முடியவில்லை. ஓர் எருமை மோதி நசுங்கினாலும், எவனுக்கும் அந்த வளைவில் தகடு அடிக்கத் தெரியாததால் ஒட்டுத்தான் போட்டார்கள்.

ஒரு முறை அக்காவும் தங்கையும் ஓர் உறவுக்காரர் வீட்டுக்கு அந்த வண்டியில் போனார்கள். மூச்சம்மா கூரைமேல் விசிறி ஓடும் சத்தத்தைக் காதால் எடை போட்டுக்கொண்டே வந்தாள். பெட்டியில் வேறு யாரும் கூரையைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தன. ஒரு சின்னக் குழந்தை அம்மாவின் மடியை விட்டு இறங்கி, முழங்கால் உயரக் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டிக்கொண்டு வெளியே ஓடும் வயல்களைப் பார்த்துக் கத்தியது. எதிரில் இருந்த கிழவர், "இந்த வண்டியைச் செஞ்சவன் ரசிகன்," என்றார்.

அக்கா தங்கையின் முகத்தையே பார்த்தாள்.

"சரி, ஜன்னல் நல்லாத்தான் இருக்கு," என்றாள் மூச்சம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அவர்கிட்ட சொல்லட்டுமா?"

"சொன்னே, நான் இங்கயே இறங்கிடுவேன்."

கடைசி ஒட்டகத்துக்கு ஓய்வு கொடுத்து அனுப்பியபோது மாலை மரியாதையெல்லாம் செய்தார்கள். அத்தான் சிறப்பு விருந்தினர். ஓய்வுபெற்றுத் தலை முழுக்க நரைத்திருந்தாலும் குரல் கம்மவில்லை. எதிர்காலம், பாய்ச்சல், தேசத்தின் கனவு. கூரைமேல் ரேடியேட்டர் வைக்கும் யோசனையும் தன்னுடையதுதான் என்று அன்று புதிதாக ஒன்று சேர்த்துக்கொண்டார். கைதட்டல் பலமாக இருந்ததாம். இதையெல்லாம் டிப்போ மேலாளர்தான் பிறகு கூப்பிட்டுச் சொன்னார்.

மூச்சம்மாவுக்கும் அழைப்பு வந்திருந்தது. ஆனால் அன்று அவளுக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்று பல் டாக்டரே சொல்லிப்பார்த்தார். வேண்டாம், இதுவே தேவலை என்றுவிட்டாள். அக்கா விழாவுக்குப் போகாமல் அவளுக்குத் துணையாக வந்து, காத்திருப்போர் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஞ்சை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே வந்த தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ இன்னிக்குப் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு," என்றாள் அக்கா. "வீட்டுக்கு வா. அவரைப் பத்தி நான் பேசறேன், நீ தலையை மட்டும் ஆட்டு."